முடித்தவர்களும் வைத்திருப்பவர்களும்

1880களின் தொடக்கத்தில் கும்பகோணத்தில் ஒரு சமண வீட்டு வாசலில் கோலம் போட்டு, நிலையில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். அவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து அதிக காலம் ஆகாத உ.வே. சாமிநாதையர், என்ன விசேஷம் என்று கேட்டார். கல்யாணமோ காதுகுத்தோ இல்லை. அந்த வீட்டில் மாதக்கணக்காகச் சீவக சிந்தாமணியைப் படித்துப் பொருள் கேட்டு வந்திருக்கிறார்கள். அன்றைக்கு நூல் பூர்த்தியாகியிருந்தது. அதற்குத்தான் தோரணம். 'என் சரித்திரம்' நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

சிந்தாமணி எளிய நூலன்று. 3,145 செய்யுள். அதற்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையைப் புரிந்துகொள்ளவே இன்னொரு உரை வேண்டும். எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் சொல்வது அவர் வழக்கம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டிருந்த சாமிநாதையர்கூட அதுவரை அந்நூலைப் படித்ததில்லை. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் படித்தது இருக்கட்டும், சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்ட பிறகுதான் அவர் ஏட்டைக் கையில் எடுத்தார். நூல் முழுவதும் அச்சில் வந்தது 1887இல். ஊரின் பெரிய புலமை எட்டிப் பார்க்காத ஒரு நூலை, அதே ஊரில் நாலு தெரு தள்ளி, சில குடும்பங்கள் கடைசிச் செய்யுள் வரை கேட்டு முடித்துக்கொண்டிருந்தன.

இன்றைக்குச் சிந்தாமணிக்காக யாரும் மடம் மடமாக ஏறி இறங்க வேண்டாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல் வரிசையில் அது காசில்லாமல் கிடைக்கிறது. உரையோடு கூடிய பதிப்புகள் கடைகளில் இருக்கின்றன. கைப்பேசியில் இறக்கி வைத்திருப்பவர்களை எண்ணினால், சாமிநாதையர் காலத்தில் நூலின் பெயரையாவது கேள்விப்பட்டிருந்தவர்களைவிடக் கூடுதலாகவே இருப்பார்கள் என்பது என் எண்ணம். முதல் பகுதியான நாமகள் இலம்பகத்துக்கு அப்பால் போனவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. எந்த வாசலிலும் தோரணம் கட்டியதாகத் தகவல் இல்லை.

வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது என்ற புலம்பலை நான் முழுதாக நம்புவதில்லை. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் 18 சதவீதம். 2011இல் தமிழ்நாட்டில் மட்டும் அது 80 சதவீதம். படிக்கத் தெரிந்தவர்கள், படிப்பதற்கு அகப்படும் நூல்கள் இரண்டும் பெருகியிருக்கின்றன. மாறிப்போனது, கடினமான நூல் ஒன்றை யார் சுமப்பது என்பதுதான். அந்தச் சுமையை முன்பு ஒரு வீடோ கோயிலோ ஊரோ பங்கிட்டுக்கொண்டது. இப்போது முழுச் சுமையும் வாங்கியவர் தலையில்.

யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களில் நடந்த புராண படனம் இதற்கு நல்ல சாட்சி. அங்கே எடுத்துக்கொண்ட நூல் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம்: ஆறு காண்டம், 10,345 பாடல். தனியாக உட்கார்ந்து படிக்கத் தொடங்கிய எவரும் அசுர காண்டத்தில் திக்குமுக்காடிப் போவார்கள். கோயிலில் அதற்கு ஒரு முறை இருந்தது. ஒருவர் பாடலை இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதைச் சீர் பிரித்து, சொல் விரித்து, பயன் சொல்வார். பயன் சொல்பவர் தடுமாறினால் கேட்டுக்கொண்டிருக்கும் கிழவர் ஒருவர் எடுத்துக் கொடுப்பார். சில சமயம் சண்டைக்கும் வருவார். கேட்பவர்களில் பலருக்கு எழுத்து வாசிக்க வராது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கேட்டுக் கேட்டு, எந்தப் படலத்துக்குப் பின் எந்தப் படலம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஒருநாள் வயல் வேலையால் வரமுடியாமல் போனால் குடி முழுகிவிடாது. மறுநாள் வந்து உட்கார்ந்தால் கதை தானாகக் கூட்டிக்கொண்டு போகும். கடைசிப் படலமான வள்ளி திருமணம் வரும் நாளில் கோயில் கல்யாண வீடாகிவிடும். அந்தச் சமூகத்தின் வாழ்க்கை முறைக்கே 'கந்தபுராண கலாசாரம்' என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை பெயர் வைத்தார் என்றால், நூலின் பிடி எவ்வளவு ஆழம் போயிருந்தது என்று தெரியும்.

வட தமிழகத்தின் திரௌபதி அம்மன் கோயில்களில் அதே வேலையைப் பாரதம் செய்தது. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிக் கதை சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக ஆடப்படும். பகலில் செய்யுளாகக் கேட்டுப் புரியாமல் போனது இரவில் வேடம் கட்டி எதிரே வந்து நிற்கும். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் விழுந்து, தீமிதி முடியும்போது, ஊரே பாரதத்தைக் கேட்டு முடித்திருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வில்லிபுத்தூரார் பாடியது பத்துப் பருவம்தான். மீதி எட்டை அவர் தொடவில்லை. பாடியவரே பாதியில் விட்ட பாரதத்தை எந்த ஊரும் குறையாக எண்ணவில்லை. போர் முடிந்தால் அவர்களுக்குக் கதை முடிந்தது.

இதையெல்லாம் எழுதும்போது ஏக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் யாருக்கு இடம் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புராணம் படித்த மண்டபத்துக்குள் எல்லாச் சாதியாரும் கால் வைக்க முடிந்ததில்லை. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். யாழ்ப்பாணத்தில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நுழைவுக்காகப் போராட வேண்டி வந்தது 1968இல். பெண்கள் கேட்டார்கள், வாசிக்கவோ பயன் சொல்லவோ அவர்களை அழைத்ததாகப் பெரும்பாலும் கேள்விப்படுவதில்லை. பொருளில் ஐயம் என்றாலும் எல்லோரும் எழுந்து கேட்டுவிட முடியாது. இன்று அதே கந்தபுராணத்தை யாரும் வாங்கலாம். எந்தப் பாடலை வேண்டுமானாலும் புரட்டலாம். கச்சியப்பர் சொன்னது சரியில்லை என்றும் சொல்லலாம். வாங்கியவர் முடிக்கவில்லை என்பதற்காக இந்த ஆதாயத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

கோயில் மண்டபத்துக்கும் கைப்பேசிக்கும் நடுவே இன்னொரு காலம் இருந்தது. அது பத்திரிகைத் தொடர்களின் காலம். 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை ஓடியது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். கடினமான நூல் என்று அதைச் சொல்ல முடியாது, நீளமான நூல். வாரத்துக்கு ஓர் அத்தியாயமோ இரண்டோ. அதற்கு மேல் வேண்டும் என்றாலும் கிடைக்காது. அந்தத் தட்டுப்பாடுதான் நூலை முடிக்க வைத்தது என்று எனக்குத் தோன்றும். இதழ் வீட்டுக்கு வந்ததும் முதலில் யார் கையில் போவது என்ற தகராறு, ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்பது, அடுத்த வாரம் வரை நந்தினி என்ன செய்வாள் என்று பேசுவது எல்லாம் வாசிப்பின் பகுதியாகவே இருந்தன. தொடர் முடிந்ததும் இதழ்களிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியம் வரைந்த படங்களோடு சேர்த்து, பைண்டிங் கடையில் கொடுத்துக் காலிகோ துணி போட்டுத் தைத்து வைத்தார்கள். பழைய வீடுகளின் மரப்பீரோவில் இன்றும் அப்படிப்பட்ட கட்டுகள் அகப்படும். பாதி அத்தியாயத்தின் முதுகில் சமையல் குறிப்பும் தலைவலி மாத்திரை விளம்பரமும் இருக்கும். அந்தக் கட்டு வீட்டில் இருந்தால், படித்து முடித்துவிட்டுத்தான் கட்டினார்கள் என்று பொருள்.

வாரப் பத்திரிகை வாங்க முடியாதவர்களுக்கு வாடகை நூலகம் இருந்தது. லெண்டிங் லைப்ரரி என்றால்தான் தெருவில் தெரியும். நாள் கணக்கில் வாடகை ஏறும் என்பதால், எடுத்த நாவலை முடிக்காமல் வைத்திருப்பது வீண் செலவு. சாண்டில்யன் நாவலின் கடைசிப் பக்கத்தை யாரோ கிழித்துக்கொண்டு போயிருப்பதும் உண்டு. முடிவைத் தெரிந்துகொள்ள இன்னொரு தெருவின் லைப்ரரியில் உறுப்பினராகச் சேர வேண்டியதுதான்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு, எந்தப் பதிப்பகமும் பொன்னியின் செல்வனை அச்சிடலாம் என்றாகிவிட்டது. அட்டைப் பெட்டியில் ஐந்து பாகமும் ஒன்றாக, மலிவு விலையில் கிடைக்கிறது. 2022இலும் 2023இலும் மணிரத்னம் படம் இரண்டு பாகமாக வந்தபோது புத்தகக் காட்சியில் அந்தப் பெட்டிகள் மேசை மேசையாக அடுக்கப்பட்டிருந்தன. பரிசாகக் கொடுத்தார்கள், கொலுவில் வைக்காத குறை. பழைய புத்தகக் கடைக்குத் திரும்பி வரும் பெட்டிகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். முதல் பாகத்தின் முதுகில் மடிப்புகள் விழுந்திருக்கும். இரண்டாம் பாகம் ஓரளவு தளர்ந்திருக்கும். 'கொலை வாள்' முதல் 'தியாகச் சிகரம்' வரை அச்சகத்திலிருந்து வந்த மொறுமொறுப்பு அப்படியே இருக்கும். அன்று மூன்றரை ஆண்டு காத்திருந்து படித்து முடித்த கதையை, ஒரே நாளில் முழுதாகக் கையில் வாங்கியவர்கள் வந்தியத்தேவன் இலங்கைக்குப் படகேறுவதற்குள் கீழே வைத்துவிடுகிறார்கள். படத்தில் பார்த்துவிட்டோமே என்று ஒரு சமாதானமும் உண்டு.

கதை நூல்களுக்கே இப்படி என்றால், தத்துவமும் பொருளாதாரமும் என்ன பாடுபட்டிருக்கும்? இடதுசாரி இயக்கங்களின் படிப்பு வட்டங்களை மறக்க முடியாது. மார்க்சின் 'மூலதனம்' தியாகுவின் தமிழில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வெளியீடாக 1998இல் வந்தது. ஆயுள் தண்டனைக் கைதியாக இருந்த காலத்தில் அவர் மொழிபெயர்த்த நூல் அது. நேரம் மட்டுமே மிச்சமிருக்கும் இடத்தில் உருவான மொழிபெயர்ப்பு, நேரமே இல்லாதவர்களின் அலமாரியில் வந்து அமர்ந்திருக்கிறது. வட்டங்களில் அதைப் படித்த முறை கோயில் முறையிலிருந்து அதிகம் விலகியதில்லை. ஒருவர் பத்தியை வாசிப்பார், மூத்த தோழர் ஒருவர் ஆலைச் சம்பளத்தையும் நெல் விலையையும் எடுத்துக்காட்டிப் பயன் சொல்வார், மற்றவர்கள் மறுப்பார்கள். சரக்கு பற்றிய முதல் அத்தியாயத்தைத் தாண்டிய வட்டங்களும் உண்டு, அங்கேயே கலைந்தவையும் உண்டு. டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த தல்ஸ்தோயின் 'போரும் வாழ்வும்' நூலகத் தட்டுகளில் கனமாக உட்கார்ந்திருந்ததும் அதே தலைமுறையின் காட்சி. மாவட்ட நூலகத்தில் அத்தகைய நூல்களின் பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டைப் பார்த்தால், ஒரே ஆள் மூன்று நான்கு முறை புதுப்பித்து எடுத்திருப்பது தெரியும். அந்த விடாப்பிடி எனக்குப் பிடிக்கும்.

தேதிச் சீட்டு சொன்னதை இப்போது கருவி இன்னும் துல்லியமாகச் சொல்கிறது. ஜோர்டன் எல்லன்பெர்க் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் 2014இல் பாதி வேடிக்கையாக ஓர் அளவுகோல் செய்தார். கின்டிலில் ஒரு நூலை வாசித்தவர்கள் மிகுதியாக அடிக்கோடிட்ட ஐந்து இடங்கள் எந்தெந்தப் பக்கத்தில் வருகின்றன என்று பார்த்து, சராசரி எடுத்து, நூலின் மொத்தப் பக்கத்தால் வகுத்தார். வாசகர்கள் எல்லோரும் கடைசி வரை போயிருந்தால் அடிக்கோடுகள் நூல் முழுவதும் பரவியிருக்க வேண்டும். ஸ்டீபன் ஹாக்கிங்கின் காலம் பற்றிய புகழ்பெற்ற நூலுக்கு வந்த எண் 6.6 சதவீதம். தாமஸ் பிக்கெட்டியின் மூலதன நூலுக்கு 2.4. இதை அறிவியல் என்று யாரும், அவரே கூட, வலியுறுத்தவில்லை. ஆனாலும் முன்பு நமக்கும் அலமாரிக்கும் மட்டுமே தெரிந்திருந்த இரகசியம் ஒன்று வெளியே வந்துவிட்டது. அந்தக் காலத்தில் மார்க்சின் மூலதனத்தைப் பாதியில் விட்டவர் மேடையில் அதை மேற்கோள் காட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். இன்று எந்தப் பக்கத்தில் விட்டார் என்று அவரது கருவி சதவீதத்தோடு வைத்திருக்கிறது, திறக்கும்போதெல்லாம் காட்டுகிறது.

முடிக்காமல் இருப்பதற்கு வெட்கப்படுவதே ஒரு புதிய பழக்கம் என்றும் சொல்லலாம். பழைய வாசகர்கள் நூலைத் துண்டாக எடுத்துக்கொள்ளத் தயங்கியதில்லை. வீட்டில் நல்லது நடக்க வேண்டும் என்றால் சுந்தர காண்டத்தை மட்டும் பாராயணம் செய்தார்கள். மற்றக் காண்டங்களைப் படிக்கவில்லையே என்று எவரும் கேட்டதில்லை. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் இன்னும் ஒருபடி மேலே போனார். கம்பன் பாடல்களில் பல இடைச்செருகல் என்று முடிவு செய்து, தமக்குக் கம்பனாகப் பட்டதை மட்டும் பொறுக்கி, 'கம்பர் தரும் இராமாயணம்' என்று பதிப்பித்தார். புலவர்கள் கொதித்தார்கள். திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் ஒரே பாடலை ஒரு மாலை முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லி இரசித்துக்கொண்டிருப்பார்கள். அவர் வெட்டியதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கண்டு மிரண்டு நின்ற பலரை அவர்தான் கம்பனுக்குள் இழுத்து வந்தார். 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகத்துக்குப் பின்னாலும் அவருடைய தூண்டுதல் இருந்தது.

தொடரும் கூட்டமும் இப்போது வேறு வழியில் திரும்பி வந்திருக்கின்றன. ஜெயமோகன் 2014 ஜனவரி 1 அன்று 'வெண்முரசு' எழுதத் தொடங்கி, இணையத்தில் நாளுக்கோர் அத்தியாயமாக வெளியிட்டு, 2020 ஜூலையில் முடித்தார். 26 நாவல்கள். மகாபாரதத்தை இவ்வளவு விரிவாகத் தமிழில் எவரும் நாவலாக்கியதில்லை. அத்தனையும் மொத்தமாக ஒரு பெட்டியில் வந்திருந்தால் எத்தனை பேர் திறந்திருப்பார்கள் என்பது ஐயம்தான். நாளுக்கு ஒன்று என்பதால் பலர் அலுவலகம் போகும் வழியில், இரயிலில், படித்துக்கொண்டே வந்தார்கள். மாதக் கூட்டங்களில் உட்கார்ந்து விவாதித்தார்கள். பொன்னியின் செல்வனுக்கு மூன்றரை ஆண்டு காத்திருந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் இதற்கு ஆறரை ஆண்டு உடன் வந்திருக்கிறார்கள்.

வேறு ஊர்களிலும் இதே வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜேம்ஸ் ஜாய்சின் 'ஃபினகன்ஸ் வேக்' ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கே பிடிபடாத நூல். கலிஃபோர்னியாவின் வெனிஸ் பகுதியில் ஒரு வாசகர் வட்டம் 1995இல் அதை எடுத்துக்கொண்டு, மாதத்துக்கு ஓரிரு பக்கம் வீதம் பேசிப் பேசி, 2023இல் கடைசிப் பக்கத்தை எட்டியது. 28 ஆண்டுகள். அந்நூலின் கடைசி வாக்கியம் முதல் வாக்கியத்தில் போய் இணைவதால், அவர்கள் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள்.

தமிழிலும் இப்போது இணைய வழிக் கம்பராமாயண வகுப்புகள் வாரந்தோறும் நடக்கின்றன. ஒருவர் பாடுகிறார், ஒருவர் பொருள் சொல்கிறார், மற்றவர்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் கேட்கிறார்கள். சென்னையில் இரவு எட்டு மணி என்றால் டல்லாஸில் காலை நேரம். ஒருவர் தோசை வார்த்துக்கொண்டே கேட்பார், இன்னொருவர் காரோட்டிக்கொண்டு. நுழைவதற்குச் சாதி கேட்பதில்லை. பொருள் சொல்பவர் பெண்ணாக இருப்பது சாதாரணமாகிவிட்டது. ஐயம் வந்தால் எழுத்தில் தட்டிக் கேட்கலாம், பயன் சொல்பவர் தவறாகச் சொன்னால் யாராவது உடனே ஒரு பழைய உரைப்பதிப்பின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகம் மட்டும் தெரிவதில்லை. பிரசாதமும் இல்லை.

வாரத்துக்கு இருபது பாடல் என்று வைத்துக்கொண்டால் கம்பனை முடிக்கப் பத்து ஆண்டுகள் ஆகும். பால காண்டத்தில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அயோத்தியா காண்டத்துக்குள் காணாமல் போகிறார்கள். வேலை மாறுகிறது, குழந்தை பிறக்கிறது, அலுத்தும் போகிறது. நடுவில் புதியவர்கள் வந்து ஒட்டிக்கொள்கிறார்கள். அப்படிப் புதிதாக வருபவர் தயங்கியபடி முதலிலிருந்து படித்துவிட்டு வரட்டுமா என்று கேட்டால், வேண்டாம், இப்போது கிட்கிந்தையில் இருக்கிறோம், வாலி விழுந்தாகிவிட்டது, இங்கிருந்தே வாருங்கள் என்கிறார்கள்.